ஜூலியின் கோணல் கிராப்பு

எங்கள் ஜூலியைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டு வகை. நாய் வளர்க்காதவர்கள், "ஐயோ, எவ்ளோ புசுபுசுன்னு இருக்கு!" என்று கையை நீட்டுவார்கள். நாய் வளர்க்கிறவர்கள் சற்று நேரம் பார்த்துவிட்டு, "எங்கே முடி வெட்டினீங்க?" என்று கேட்பார்கள். அந்த இடத்துக்கு மட்டும் போய்விடக் கூடாது என்பதற்காகக் கேட்கிறார்கள் என்று குரலிலேயே தெரியும். நியாயம்தான். கழுத்தைச் சுற்றி முடி அடர்ந்து நிற்கும். வால் விரிந்து முதுகின்மேல் சொகுசாகக் கிடக்கும். ஆனால் அக்குளும் அடிவயிறும் தொடைகளின் பின்புறமும் குட்டையாக வெட்டப்பட்டிருக்கும். அதிலும் இடது தொடை, வலதைவிடக் குட்டை. வெட்டியது நான்தான். இரண்டையும் சமமாக வெட்டிவிடலாம். அதற்கு அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்று கொடுக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் அவளிடம் கேட்பதில்லை.

ஜூலிக்கு 11 வயது. ஊரே பாமரேனியன் என்று சொல்கிற வெள்ளை நாய்தான். இனத்தின் பெயர் இந்தியன் ஸ்பிட்ஸ். 1994-இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்தில் டஃபி என்ற பெயரில் வீடு முழுக்கச் சுற்றி வருமே, அந்த இனம். வெளிநாட்டு நாய்கள் சுலபமாகக் கிடைக்காத அந்தக் காலத்தில் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கிடைத்த 'சாதி நாய்' இதுதான். நம் வெயிலைத் தாங்கும், கொஞ்சமாகச் சாப்பிடும், தபால்காரரில் தொடங்கி மின்வாரியக்காரர் வரை ஒருவரையும் விடாமல் குரைக்கும். முடி இரண்டு அடுக்கு. வெளியே நீளமாக, நிமிர்ந்து நிற்கிற முடி. உள்ளே மிருதுவான, நெருக்கமான அடிமுடி. மேலே தடவினால் வழவழவென்று இருக்கும். விரலை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் சிக்கு தெரியும்.

கேட்காததற்குக் காரணம் அவள் முட்டி. குட்டியாக இருந்தபோதே ஓடிக்கொண்டிருக்கையில் திடீரென்று இடது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று எட்டு நொண்டுவாள். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல நாலு காலில் ஓடுவாள். தெருப் பிள்ளைகள் அவள் தங்களோடு நொண்டி ஆடுவதாக நினைத்துக் கைதட்டுவார்கள். வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை இருக்கிறது. 1903-இல் தொடங்கிய கல்லூரி, மாட்டிலிருந்து கிளி வரை எல்லா ஜீவன்களும் அங்கே வரும். அங்கே ஒரு டாக்டர் அவள் முட்டியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, "சில்லு பள்ளத்துல நிக்கலைம்மா, உள்பக்கமா வழுக்குது" என்றார்.

தொடை எலும்பின் நுனியில் ஒரு பள்ளம் உண்டு. முட்டிச் சில்லு அந்தப் பள்ளத்தில்தான் மேலும் கீழும் ஓட வேண்டும். ஸ்பிட்ஸ், பாமரேனியன், சிவாவா மாதிரியான சின்ன நாய்கள் பலவற்றுக்கு இந்தப் பள்ளம் ஆழமாக இருப்பதில்லை, அல்லது கால் எலும்பு சற்றே வளைந்திருக்கும். சில்லு பெரும்பாலும் காலின் உள்பக்கமாக நழுவிவிடும். இதை நாலு நிலையாகப் பிரிக்கிறார்கள். கையால் தள்ளினால் நழுவி, விட்டதும் தானே திரும்பி வருவது முதல் நிலை. நடக்கும்போது தானாகவே நழுவித் திரும்புவது இரண்டாவது. பெரும்பாலும் வெளியிலேயே கிடந்து, கையால் தள்ளினால் மட்டும் உள்ளே போவது மூன்றாவது. தள்ளினாலும் போகாதது நான்காவது. ஜூலிக்கு இடது முட்டி இரண்டாம் நிலை, வலது முதல் நிலை. அறுவை சிகிச்சை அவசரமில்லை, எடை ஏறாமல், வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆனால் சில்லு வழுக்க வழுக்கக் குருத்தெலும்பு தேயும். அப்படித் தேய்ந்து, வயதான பிறகு மூட்டுவாதமும் வந்து சேர்ந்துகொண்டது.

இப்படி ஒரு நாய்க்கு முடி பார்க்கும்போது, வழக்கமான வரிசை உதவாது. கடைகளில் முதுகில் ஆரம்பிப்பார்கள், குளிப்பாட்டுவார்கள், உலர்த்துவார்கள், வாலை விரித்துவிடுவார்கள். எல்லாம் முடிந்து நாய் களைத்து நிற்கிற நேரத்தில், நகம் வெட்டவும் பாதம் பார்க்கவும் காலைத் தூக்குவார்கள். மூட்டு நோகிற நாய்க்கு இது தலைகீழ். அவளிடம் உள்ள கொஞ்சப் பொறுமையை முதலில் பாதத்தில் செலவழிக்க வேண்டும். முதுகு முடி ஒரு வாரம் வாராவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

பாதம் ஏன் முதலில் என்றால், நம் வீட்டுத் தரையைப் பாருங்கள். அடுக்குமாடி வீடுகளில் இப்போது எங்கு பார்த்தாலும் விட்ரிஃபைட் டைல்ஸ். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படி மின்னும். நாயின் உள்ளங்கால் மெத்தைகள் தரையைப் பற்றிக்கொள்வதற்காகவே சொரசொரப்பாக இருப்பவை. ஸ்பிட்ஸ், லாசா, கோல்டன் ரிட்ரீவர் போன்றவற்றுக்கு அந்த மெத்தைகளின் இடுக்கில் முடி வளர்ந்து வெளியே பிதுங்கி, மெத்தையையே மூடிவிடும். அப்புறம் அவள் நடப்பது தன் முடியின்மேல்தான். காலிங் பெல் அடித்ததும் பாய்ந்து எழுவாள், பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் சறுக்கும், சில்லு நழுவும். ஒரு வேளை மாத்திரை கொடுத்துச் சம்பாதித்த நிம்மதி அந்த ஒரு சறுக்கலில் போய்விடும்.

அதனால் எங்கள் வீட்டில் முதல் வேலை பாதத்து முடி. முனை மழுங்கிய சின்னக் கத்தரி ஒன்று, அல்லது சத்தம் குறைவான சின்ன டிரிம்மர் போதும். மெத்தையின் மட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் வெட்டுகிறேன். இடுக்குக்குள் கத்தரி முனையை நுழைத்துத் தோண்டுவது வேண்டாத வேலை. அங்கே தோல் மெல்லியது, நாய் ஒரு தடவை காலை உதறினால் போதும், வெட்டிவிடும். இந்த முடியைக் கத்தரித்த அன்றே அவள் சமையலறையில் திரும்புகிற விதம் மாறிவிடும். எண்ணெய், மாத்திரை எதுவும் இவ்வளவு சீக்கிரம் பலன் காட்டி நான் பார்த்ததில்லை. கூடவே ஹாலிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை அவள் நடக்கிற பாதையில் ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடிகளை வரிசையாகப் போட்டிருக்கிறோம். வீடு பார்க்க என்னவோ பேருந்து நிலையக் காத்திருப்பு அறை மாதிரிதான் இருக்கிறது.

அடுத்தது நகம். நாய் நம்மைப்போலக் குதிகாலை ஊன்றி நடப்பதில்லை, விரல்களில் நடக்கிறது. நகம் நீண்டு தரையைத் தொட ஆரம்பித்தால் ஒவ்வோர் எட்டிலும் அது விரலை மேலே தள்ளும். அந்த உறுத்தலைத் தவிர்க்க நாய் உடம்பைப் பின்னால் சாய்த்து, காலை வேறு கோணத்தில் வைக்கும். ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கிற பின்முட்டியில்தான் அந்தக் கூடுதல் பாரம் இறங்கும். டைல்ஸில் நடக்கும்போது டக் டக் என்று நகச் சத்தம் கேட்டால் வெட்டுகிற நாள் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

ஜூலியின் நகங்கள் கறுப்பு. வெள்ளை நகமாக இருந்தால் உள்ளே ஓடுகிற ரத்தக் குழாயும் நரம்பும் இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடலாம். கறுப்பு நகத்தில் துளித்துளியாகச் சீவிக்கொண்டே போக வேண்டும். வெட்டின முகப்பின் நடுவில் ஒரு சின்னக் கரும்புள்ளி ஈரமாகத் தெரிய ஆரம்பித்ததும் கையை எடுத்துவிட வேண்டும். ஒரே நாளில் குட்டையாக்கப் பார்ப்பது பாவம். வாரம் ஒருமுறை நுனியை மட்டும் சீவி வந்தால் உள்ளே இருக்கும் ரத்தக் குழாயும் மெல்லப் பின்வாங்கும். ரத்தம் வந்துவிட்டால் சோளமாவை அழுத்திப் பிடித்தால் நிற்கும். முன்னங்காலின் உள்பக்கம் கொஞ்சம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிற அந்தத் தனி நகத்தை மறந்துவிடாதீர்கள். அது தரையில் படாது, தேயாது. முடிக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து சதைக்குள் ஏறிவிடும். நீள முடி நாயில் வெளியே ஒன்றும் தெரியாது.

இதையெல்லாம் எப்படிச் செய்கிறேன் என்றால், தரையில், அவளைப் படுக்க வைத்து. மேசை கிடையாது. மேசைமேல் ஏற்றினால் நமக்கு முதுகு வலிக்காது, உண்மைதான். ஆனால் அவளுக்கு அது உயரம், அதுவும் வழுக்குகிற உயரம். நான் மணைமேல் உட்கார்ந்துகொள்வேன், அவள் யோகா விரிப்பின்மேல் மடித்துப் போட்ட போர்வையில். கோரைப்பாய் சரிவராது, அது அவளோடு சேர்ந்து நகரும்.

நேரமும் முக்கியம். மூட்டுவாதம் உள்ள நாய் தூங்கி எழுந்ததும் விறைத்துப்போயிருக்கும், மார்கழிக் காலையில் கேட்கவே வேண்டாம். சாயங்காலம் மெதுவாக ஒரு சுற்று நடந்து வந்து தசை இளகின பிறகுதான் சீப்பை எடுக்கிறேன். அதற்கு முன் இரண்டு முட்டிக்கும் வெந்நீர் ஒத்தடம். துணியைப் பிழிந்து முதலில் என் மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பேன், எனக்கு இதமாக இருந்தால்தான் அவளுக்கு. முட்டி சூடாக, வீங்கியிருந்தால் ஒத்தடமும் கிடையாது, சீப்பும் கிடையாது. அன்றைக்கு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

காலைப் பிடிப்பதில் ஒரு விஷயம் தெரிந்தால் பாதி வலியைத் தவிர்த்துவிடலாம். நாயின் கால் முன்னும் பின்னும் அசைய அமைந்தது. நாமோ உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அதைப் பக்கவாட்டில் நம் பக்கம் இழுப்போம். இடுப்பும் முட்டியும் கெட்டுப்போன நாய்க்கு அந்த இழுப்புத்தான் உயிர் போகும். காலை உடம்புக்கு நேர் கீழேயே வைத்து, தேவைக்கு மேல் தூக்காமல், நம் தலையைக் குனிந்து பார்க்க வேண்டும். பாதத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒரு கை தொடையை அடியில் தாங்கட்டும், மற்ற கை வேலை செய்யட்டும். முன்னங்காலானால் மணிக்கட்டில் மடித்துப் பின்பக்கமாக லேசாகத் தூக்கினால் உள்ளங்கால் தெரிந்துவிடும். முழங்கையை முன்னால் நீட்டி இழுக்க அவசியமே இல்லை.

மறுபக்கம் திருப்புவதற்கு நாலு காலையும் சேர்த்துப் பிடித்துப் புரட்டிப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். அவளே எழுந்து, அவளே சுற்றி வந்து, அவளே படுக்கட்டும். எழுவதற்குச் சிரமப்பட்டால் ஒரு துண்டை அடிவயிற்றுக்கு அடியில் கொடுத்து, பின்புறத்தை லேசாகத் தாங்கலாம். எங்கள் வீட்டில் இன்னும் சுலபமான வழி: இன்று ஒரு பக்கம், நாளைக்கு மறுபக்கம். யார் கேட்கப்போகிறார்கள்?

நோகிறது என்பதை நாய் அலறித்தான் சொல்லும் என்று காத்திருக்கக் கூடாது. பசியில்லாமல் உதட்டை நக்கும், தூக்கம் வராமல் கொட்டாவி விடும், தலையைத் திருப்பிச் சீப்பையே பார்க்கும், உடம்பு இறுகும், மூச்சு வாங்கும். இத்தனையும் சொல்லி நாம் கேட்காவிட்டால்தான் உறுமல். ஒருமுறை ஊரிலிருந்து வந்த சித்தப்பா, ஜூலி உறுமியதைக் கேட்டு, "ஒண்ணு வெச்சேன்னா சரியாப் போயிடும்மா" என்றார். "உறுமலை அடிச்சு அடக்கினா, அடுத்த தடவை சொல்லாமலே கடிக்கும் சித்தப்பா" என்றேன். அவர் தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அவள் உறுமல் பிடிக்கும். எந்த இடத்தில் சீப்பு இருந்தபோது உறுமினாளோ, அந்த இடத்தை டாக்டரிடம் சொல்ல முடிகிறதே.

சிக்குக்கு வருவோம். நீள முடி நாய்க்குச் சிக்கு விழுகிற இடங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான்: காதுக்குப் பின்னால், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், கவட்டை, தொடையின் பின்பக்கம், வால் முளைக்கிற இடம். மூட்டு வலி நாய்க்குக் கூடுதலாக ஓர் இடம் உண்டு. அது எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறதோ அந்தப் பக்கம் முழுவதும். ஜூலி வலது பக்கம்தான் படுப்பாள், இடது முட்டியைத் தரையில் அழுத்த அவளுக்குப் பிடிக்காது. ஆகவே வலது விலாவில் முடி நசுங்கித் திரிந்துகொண்டே இருக்கும்.

அக்குளிலும் கவட்டையிலும் விழும் சிக்கு வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. இறுகின சடை தோலைச் சேர்த்துப் பிடித்திருக்கும், ஒவ்வோர் எட்டுக்கும் அது தோலை இழுக்கும். இழுப்புக்குப் பயந்து நாய் எட்டைச் சுருக்கும். நாம் பார்த்துவிட்டு மூட்டு முற்றிவிட்டது என்று கவலைப்படுவோம். அதனால்தான் அந்த இடங்களில் முடியே வேண்டாம் என்று முடிவெடுத்து வெட்டிவிட்டேன். அங்கே முடி இருந்து அவளுக்கும் எனக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

மற்ற இடங்களில் சிக்கெடுக்கிற முறை, நீளக் கூந்தல் உள்ள பெண் பிள்ளைகளுக்கு அம்மாக்கள் தலை வாரிவிடுகிற அதே முறைதான். முடியை வேர்ப் பக்கம் இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு மேலே வருவது. இழுப்பு நம் விரலோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. முடியை ஒரு கையால் மேலே ஒதுக்கி, தோல் கோடாகத் தெரியும்படி வைத்து, அந்தக் கோட்டிலிருந்து கீழ்நோக்கி வரிவரியாக வார வேண்டும். முதலில் வளைந்த கம்பிப் பற்கள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ், அதற்குப் பிறகு ஸ்டீல் சீப்பு. சீப்பு தோலிலிருந்து நுனிவரை தடையில்லாமல் வந்தால்தான் அந்த இடம் முடிந்ததாகக் கணக்கு. பிரஷ் மட்டும் போட்டால் மேல்முடி மினுங்கும், அடிமுடி உள்ளே அப்படியே திரண்டு கிடக்கும். வருஷத்தில் இரண்டு தடவை அடிமுடி கொத்துக்கொத்தாக உதிர்கிற பருவம் வரும். அப்போது தினமும் கொஞ்சம் வாராவிட்டால் உதிர்ந்த முடியே சடையாகிவிடும்.

சடையைக் கத்தரியால் குறுக்காக வெட்டவே கூடாது. சடையோடு சேர்ந்து தோலும் கூடாரமாக எழும்பி நிற்கும், எது முடி எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது. டாக்டர்களிடம் தையல் போட வருகிற நாய்களில் இப்படி வருகிறவை உண்டு. முடி போகிற திசையிலேயே சடையை இரண்டு மூன்றாகப் பிளந்து, ஒவ்வொன்றாக எடுக்கலாம். வரவில்லையென்றால் டிரிம்மரைத் தோலோடு படுக்கவைத்து எடுத்துவிடலாம்.

கத்திரி வெயில் தொடங்கினால் போதும், எதிர்வீட்டு மாமா தவறாமல் கேட்பார்: "பாவம்மா, மொட்டை அடிச்சு விட்டுடேன்." இதில் எனக்குத் திட்டவட்டமான கருத்து உண்டு. இரண்டடுக்கு முடி, குளிரை மட்டுமல்ல, வெயிலையும் தடுக்கிறது. நாய் நம்மைப்போல உடம்பு முழுக்க வியர்த்துக் குளிர்வதில்லை, பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கிறது. மழித்துவிட்டால் இளஞ்சிவப்புத் தோல் நேராக வெயிலில் படும். அதோடு ஸ்பிட்ஸ் வகை நாய்களுக்கு மழித்த முடி சில சமயம் மாதக்கணக்கில் வளராது, வளர்ந்தாலும் திட்டுத்திட்டாக வரும். உதிர்ந்த அடிமுடியை வாரி வெளியே எடுத்துவிட்டால் காற்று உள்ளே புகும், அதுவே போதும்.

ஆனால் இதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, உடம்பு முழுக்கச் சடை பிடித்த கிழ நாயை மணிக்கணக்கில் உட்காரவைத்துச் சிக்கெடுக்கிறவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த நிலைக்கு வந்துவிட்ட நாயை, தேவைப்பட்டால் டாக்டர் மயக்கம் கொடுத்து, ஒட்ட எடுத்துவிடுவதே கருணை. முடி வராவிட்டால் போகட்டும். அதற்கு என்ன பெண் பார்க்கவா வரப்போகிறார்கள்?

குளியலை நான் முடிந்தவரை தள்ளிப்போடுகிறேன். குளிப்பதைவிட வாருவதுதான் இந்த முடியைச் சுத்தமாக வைக்கிறது. குளிப்பாட்டும் நாளில் மட்டும் சில விதிகள். சிக்கெல்லாம் எடுத்த பிறகே தண்ணீர். சடை நனைந்தால் இன்னும் இறுகும். குளியலறைத் தரையில் ஒரு கோணிச் சாக்கை நனைத்து விரித்துவிட்டால் கால் வழுக்காது. ஷாம்புவை முன்கூட்டியே ஒரு சொம்புத் தண்ணீரில் கலக்கி வைத்துக்கொண்டால் சீக்கிரம் நுரைக்கும், சீக்கிரம் போகும், அவள் நிற்கிற நேரம் பாதியாகும். நம் ஷாம்பு வேண்டாம், நம் தோலைவிட நாயின் தோலில் அமிலத்தன்மை குறைவு. துண்டால் பரபரவென்று தேய்த்தால் மறுபடி சிக்கு, ஆகவே அழுத்தி ஒற்றி எடுக்க வேண்டும். அடிமுடி ஈரமாகவே இருந்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரே நாளில் தோல் சிவந்து புண் வைத்துவிடும். அதனால் மின்விசிறிக்குக் கீழே படுக்கவைத்து, அடிமுடிவரை உலர்ந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் விடுகிறேன்.

கடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் வீட்டில் இதைச் செய்ய நேரம் இருக்காது. ஆனால் கடையில் விடும்போது முட்டி விஷயத்தை வாயால் சொன்னால் மட்டும் போதாது, எப்படித் தூக்குகிறார்கள் என்று நின்று பார்க்க வேண்டும். ஓரிடத்தில் அக்குளில் கையைக் கொடுத்துக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்க, பின்னங்கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பிட்டத்துக்கு அடியில், முதுகு தரைக்கு இணையாக. அப்படித் தூக்கினால்தான் மூட்டு தொங்காது. மேசையில் கழுத்துக்குச் சுருக்குப் போட்டு நிறுத்துவதும் கூடாது. கால் தளரும்போது உட்காரக்கூட முடியாமல் கழுத்தில் நிற்க வேண்டியிருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து செய்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். முதல் நாளே ஜூலி நடப்பதைப் பார்த்துவிட்டு, "அக்கா, டேபிள் எதுவும் வேணாம், நான் தரையிலயே உக்காந்துக்கறேன்" என்றார். கோணிச் சாக்கு யோசனை அவருடையதுதான். அத்தகையவர் கிடைத்தால் காசு பார்க்காதீர்கள்.

வலி மருந்து பற்றி ஒரு எச்சரிக்கை. டாக்டர் தினசரி மருந்து கொடுத்திருந்தால், அது வேலை செய்கிற நேரமாகப் பார்த்துச் சீப்பை எடுக்கலாம். எந்த நேரம் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நம் டப்பாவில் இருக்கிற மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இப்யூபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமாலும் விஷமாகலாம். டைக்ளோஃபெனாக் என்றதும் பாறுக் கழுகுகள் ஞாபகத்துக்கு வருகின்றன. மாடுகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்து, அவை செத்த பிறகு உடலைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக அழிந்தன. அதனால்தான் 2006-இல் கால்நடைகளுக்கு அதை இந்தியாவில் தடை செய்தார்கள். தைலமும் வேண்டாம். முட்டி வலிக்குக் கோடாலித் தைலம், நீலகிரித் தைலம், கற்பூரம் கலந்த களிம்பு என்று நமக்குக் கை தானாகப் போகும். நாய் தன் காலை நக்கும். தடவினது எல்லாம் வயிற்றுக்குத்தான் போகும்.

வாரிவிடுவதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு. இவ்வளவு முடிக்குள்ளே உடம்பு எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, கைதான் சொல்லும். சீப்பு போன வழியில் இரண்டு தொடைகளையும் ஒரே நேரத்தில் இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்ப்பேன். வலிக்கிற காலில் நாய் பாரம் போடாது, பாரம் போடாத தசை சூம்பும். ஜூலியின் இடது தொடை மெலிந்தது நடையில் தெரிவதற்கு முன்பே கையில் தெரிந்தது. வெள்ளை நாய் என்பதால் இன்னொரு தடயமும் உண்டு. எச்சிலில் போர்ஃபிரின் என்ற பொருள் இருக்கிறது. திரும்பத் திரும்ப நக்குகிற இடத்தில் முடி துருவின் நிறத்துக்கு மாறிவிடும். அவள் முன்னங்கால் மணிக்கட்டில் அந்த நிறம் வந்த பிறகுதான், பின்னங்காலைக் காப்பாற்ற முன்னங்காலில் எடையைப் போட்டு அங்கேயும் வலி வந்திருக்கிறது என்று தெரிந்தது. ஒவ்வாமையாலும் நக்கும், ஆகவே நிறத்தைப் பார்த்ததும் நாமே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம்.

உண்ணியும் சீப்பில்தான் சிக்கும். காதுமடல், விரல் இடுக்கு, வாலடி மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். நம் ஊர் நாய்களை அடிக்கிற உண்ணிக் காய்ச்சலில் மூட்டு வீங்கி நொண்டுவதும் உண்டு. ஏற்கெனவே மூட்டு வலி இருக்கிற நாய் என்றால், பழைய வலிதான் கூடியிருக்கிறது என்று நாம் இருந்துவிடுவோம். நொண்டலோடு காய்ச்சலும், சாப்பாட்டில் வெறுப்பும், ஈறு வெளுப்பும் சேர்ந்தால் ரத்தப் பரிசோதனைதான் பதில் சொல்லும்.

கடைசியாக விலா. முடி புசுபுசுவென்று இருந்தால் நாய் குண்டா ஒல்லியா என்று யாருக்கும் தெரியாது. விரலை லேசாக வைத்தால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும், அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடிவிட்டது. பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார் நாய்களை ஆயுள் முழுக்கக் கவனித்து 2002-இல் முடிவை வெளியிட்டது. ஒரே ஈற்றில் பிறந்தவற்றை ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மட்டும் 25 சதவீதம் குறைவாகச் சோறு போட்டார்கள். குறைவாகத் தின்ற கூட்டம் கிட்டத்தட்ட 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தது, மூட்டுவாதமும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. இதை அச்சடித்து எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தேன். அம்மா அதைப் படித்துவிட்டு, "லாப்ரடாருக்குத்தானே" என்று சொல்லி நெய் தடவின சப்பாத்தித் துண்டைக் கீழே போட்டார். இப்போது ஒரு சமரசத்துக்கு வந்திருக்கிறோம். முடி வாரும்போது மட்டும் லஞ்சம் உண்டு, அதுவும் வெள்ளரித் துண்டு, கேரட் துண்டு. ஒரு நகத்துக்கு ஒன்று. கணக்கில் ஜூலி கறார்.

நடுவில் அவள் எழுந்து போனால் நான் பின்னால் போவதில்லை. விரிப்பைச் சுருட்டாமல் அங்கேயே வைத்துவிடுவேன். சில நாள் தண்ணீர் குடித்துவிட்டுத் தானாக வந்து படுப்பாள், சில நாள் வரமாட்டாள். இந்த வாரம் வலது பின்னங்காலில் இரண்டு நகம் பாக்கி. வெள்ளரி தீர்ந்துவிட்டது, நாளைக்குச் சந்தை.